ஏழாம் கட்டிலில் நிறுத்திய மருந்து

தாராவி
12.6.2025

ஏ உருண்டை,

இந்தப் பெயரைச் சொல்லி இனி உன்னைக் கூப்பிடக் கூடாது என்றுதான் இருந்தேன். கலைச்செல்வி என்று எழுதிப் பார்த்தேன். யாரோ ஆபீஸ்காரிக்கு எழுதுவது மாதிரி இருந்தது, தாளைக் கிழித்துவிட்டேன். பாசத்தில் கூப்பிடுகிறேன் என்று மட்டும் நினைத்துக்கொள்ளாதே.

உன் நம்பரை வந்தனாவிடம் சொல்லி ப்ளாக் பண்ண வைத்தது நான்தான். உன் குரல் காதில் விழுந்தால் கேட்க வேண்டியதெல்லாம் மறந்துபோய் அழுகைதான் வரும். எழுதினால் கேட்டுவிடலாம். என் மகள் வந்தனாவுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாததும் நல்லதாகப் போயிற்று. அவள் அப்பாவைப் பற்றி அவள் அத்தையிடம் நான் கேட்பது அவளுக்குத் தெரிய வேண்டாம். அஃப்ஷா உன்னோடு வேலை பார்க்கிறவள், நம் சந்து வழியாகத்தான் அம்மா வீட்டுக்குப் போகிறாள். அவளிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

கேட்கிறேன். பதில் சொல்.

உன் அண்ணன் பட்டறை மேல்தளத்திலிருந்து ஏணியோடு விழுந்தார். விலா ஒடிந்தது. மூச்சுக்கு மெஷின் வைத்தார்கள். எந்த ஆஸ்பத்திரி என்று யாராவது கேட்டார்களா? செம்பூரில் நீ நர்ஸாக வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிதான் என்று நானே சொன்னேன். நம் பிள்ளை உள்ளே இருக்கிறாள், அவள் பார்த்துக்கொள்வாள் என்றேன். ஐசியூவில் ஏழாம் கட்டில். மூன்றாம் நாள் காலையில் டாக்டர்கள் கூட்டமாக வந்தார்கள். நான் ஓரமாக நின்றேன். நீ ஃபைலைக் கையில் வைத்துக்கொண்டு இங்கிலீஷில் ஏதோ கேட்டாய். பெரிய டாக்டர் ஃபைலைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். அப்புறம் நீயே போய், அவருக்கு ஏறிக்கொண்டிருந்த மருந்துப் பாட்டிலை உன் கையாலேயே கழற்றினாய்.

"ஏட்டி, எதுக்கு அதக் கழத்துத?" என்று கேட்டேன்.

"அண்ணனுக்கு இனி இது வேண்டாம் மதினி" என்றாய்.

வேண்டாம். அவ்வளவுதான். ஒன்பதாம் நாள் உடம்பு கொதித்தது. பதினாலாம் நாள் அவர் இல்லை.

நம் சந்தில் குழந்தைக்குச் சளி பிடித்தால்கூட மெடிக்கலில் சொல்லி நல்ல பவர் மாத்திரையாக வாங்கிக் கொடுக்கிறோம். ரெண்டு வேளையில் எழுந்து ஓடுகிறது. எங்களுக்கு அது தெரிகிறது. அலமாரி நிறைய மருந்தை அடுக்கி வைத்துக்கொண்டு, கிடக்கிற மனுஷனுக்கு ஏற்றிக்கொண்டிருந்ததை நிறுத்தினீர்களே, அது என்ன படிப்பு?

வானமாமலையைத் தெரியுமல்லவா, தொண்ணூறடி ரோட்டில் மனு எழுதிக் கொடுப்பவன். ஆஸ்பத்திரி மேல் புகார் மனுவை அவன் மராத்தியில் எழுதித் தந்தான். நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன். மருந்தை நிறுத்தச் சொன்னவள் என்று உன் பெயரைத்தான் முதலில் போடச் சொன்னேன். ஜூலை நாலாம் தேதி விசாரணை. உன் வேலை போனால் போகட்டும். எனக்குப் போனதற்கு அது பக்கத்தில் வருமா?

முருகம்மாள்

●

சுனாபட்டி
17.6.2025

மதினிக்கு,

என் தமிழ் ஏழாம் வகுப்போடு நின்றுவிட்டது. தப்பு இருந்தால் திட்டுவதோடு அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பதினாறாம் நாள் விசேஷத்தில் எனக்கு இலை போட்டு, சோறு வைத்து, நான் கை வைக்கப் போகும்போது, "அண்ணனக் கொன்னவளுக்கு இந்த வீட்ல என்ன சோறு?" என்று கேட்டீர்கள். எழுந்து வந்துவிட்டேன். அவர் உங்களுக்குப் புருஷன். எனக்கு அண்ணன் இல்லையா? எனக்கு யாராவது ஒருத்தர் ஒரு வார்த்தை ஆறுதல் சொன்னார்களா? அஃப்ஷா மட்டும் வந்து, அவள் அறையிலேயே இருந்துகொள் என்றாள். அதனால் உங்களுக்கு மட்டும்தான் கோபம் வரும் என்று நினைக்காதீர்கள்.

மூன்றாம் நாள் நிறுத்தலாமா என்று கேட்டது நான்தான். நாளைக்கு இன்னொரு அண்ணன் வந்து படுத்தாலும் கேட்பேன்.

அண்ணன் வந்தபோது நுரையீரலில் கிருமி இருக்குமோ என்ற சந்தேகத்தில் அந்த மருந்தை ஆரம்பித்தார்கள். சளியை எடுத்து லேபுக்கு அனுப்பினோம். மூன்று நாள் வைத்துப் பார்த்தும் எதுவும் வளரவில்லை. கிருமியே இல்லாதவருக்கு அந்த மருந்து எதற்கு? சும்மா ஏற்றிக்கொண்டிருந்தால் உடம்பில் இருக்கிற சாதாரணக் கிருமியெல்லாம் செத்து, அந்த மருந்துக்கு அடங்காதது மட்டும் தங்கிவிடும். தங்கினது பெருகும். அடுத்த தடவை அதே மருந்தைப் போட்டால் அதற்கு ஒன்றும் ஆகாது. உங்கள் சந்துப் பிள்ளைகளுக்குச் சளிக்கு வாங்கித் தருகிற பவர் மாத்திரையும் இதே வேலையைத்தான் செய்கிறது. சளி தானாகவே போகிறது. பெயர் மாத்திரைக்கு.

எங்கள் ஐசியூவில் ஒரு வழக்கம் கொண்டுவந்தோம். மூன்றாம் நாள் ரவுண்டில் நர்ஸ் வாயைத் திறந்து கேட்க வேண்டும்: இந்த மருந்து இன்னும் வேண்டுமா? நர்ஸ் கேட்பதா என்று டாக்டர்கள் முறைத்தார்கள். ஒரு வருஷம் சண்டை போட்டுக் கொண்டுவந்தோம். உங்கள் மனு வந்த மறுநாளிலிருந்து யாரும் கேட்பதில்லை. நிறுத்தினால்தானே கேஸ் வரும், நிறுத்தாவிட்டால் யார் கேட்கப் போகிறார்கள் என்கிறார்கள். கடைசிக்கு என்று வைத்திருந்த மருந்தை இப்போது வருகிறவர்களுக்கெல்லாம் முதல் நாளே ஏற்றுகிறார்கள். அதுவும் வேலை செய்யாமல் போனால் அப்புறம் எதை ஏற்றுவார்கள்? என்னையும் வெளியே ஓபிடியில் சீட்டு எழுத உட்கார வைத்துவிட்டார்கள்.

ஒன்பதாம் நாள் அண்ணனுக்கு வந்தது வேறு கிருமி. நிறுத்திய மருந்துக்கும் அது அடங்காது, அதற்கு மேலே இருக்கிற மருந்துக்கும் அடங்காது. கடைசி மருந்து வரைக்கும் கொடுத்துப் பார்த்தோம். அந்த மாதிரிக் கிருமி பெரும்பாலும் ஒரு கட்டிலிலிருந்து இன்னொரு கட்டிலுக்குக் கையில் ஏறித்தான் போகும்.

அது என் கை. நான் சரியாகக் கழுவவில்லை. மனுவில் மருந்தை நிறுத்தினாள் என்ற வரியை அடித்துவிட்டு இதை எழுதச் சொல்லுங்கள். நான் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடுகிறேன். வேலை போனால் போகட்டும். அந்த ஒரு வரி மட்டும் இருக்கக் கூடாது.

கலைச்செல்வி

●

தாராவி
21.6.2025

கையா? கழுவாத கையா? யாரிடம் கதை விடுகிறாய்?

வீட்டுக்குள் நுழைந்ததும் சோப்பைத் தேடுகிறவள் நீ. பைப்பில் தண்ணீர் வருகிற அரைமணி நேரத்தில் பாதி உன் கைக்கே போகிறது என்று நான் கத்தாத நாள் உண்டா? தோல் உரிந்துபோய் வெடித்த கையைப் பார்த்து உன் அண்ணனே, "ஏட்டி, ரேகையெல்லாம் அழிஞ்சிட்டு, இனி சோசியக்காரன் உங்கிட்ட என்னத்தப் பார்ப்பான்?" என்று சிரிப்பார். நீ கை கழுவவில்லையாம், நான் நம்ப வேண்டுமாம்.

பொய். யாரையோ காப்பாற்றுகிறாய். அந்தப் பெரிய டாக்டரையா? அவர் சொல்லி எழுதினாயா? சம்பளம் வாங்குகிற இடம், உன் அண்ணனைவிட அதுதான் பெரிதாகப் போயிற்று.

வரியை அடிக்க மாட்டேன். வானமாமலையிடம் கேட்டேன். "அக்கா, அந்த வரிதான் கேஸே. அத எடுத்தா வெறும் தாளுதான்" என்கிறான்.

வந்தனா நீ விட்டுப்போன பச்சைச் சுடிதாரைப் போட்டுக்கொண்டு திரிகிறாள். கழற்றுடி என்றால், "அத்தை மேல குஸ்ஸா உனக்குத்தான் மம்மி, உன் கோவத்துக்கு டிரெஸ் என்ன பண்ணுச்சு?" என்கிறாள். அவளை அடித்துவிட்டேன். அவர் போனபிறகு முதல் தடவை கை நீட்டியது. அதையும் உன் கணக்கில்தான் வைக்கிறேன்.

உங்கள் ஐசியூ லட்சணத்தை நாலாம் தேதி நான் சொல்கிறேன் பார். நீ என்னைப் பின்கதவு வழியாக உள்ளே விட்டாயே, நேரம் காலம் பார்க்காமல், நான் எல்லாம் பார்த்தேன். கட்டில் காலில் தொங்குகிற, கையில் தேய்க்கிற கிருமி மருந்துப் பாட்டிலை அழுத்தினால் காற்றுதான் வரும். ரெண்டு நர்ஸ் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். பக்கத்தில் ஆறாம் கட்டிலில் அந்த உ.பி.க்காரப் பெரியவர், லாரி ஓட்டினவர், இன்னொரு ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்து போட்டது, சொந்தமென்று ஒரு ஈ காக்கை கிடையாது. வாயோரம் கோழை வழிந்து கழுத்து வரை போகும். எச்சில் ஒழுகக் கிடக்கிற மனுஷனைப் பார்த்துக்கொண்டு எப்படி நிற்பது? எத்தனை தடவை என் முந்தானையால் துடைத்துவிட்டேன் தெரியுமா? "பேட்டீ", மகளே, என்பது மாதிரி உதட்டை அசைப்பார். மறுபடி இந்தப் பக்கம் திரும்பினால் உன் அண்ணனுக்கு நெற்றியெல்லாம் வேர்த்திருக்கும், அதையும் துடைப்பேன். சம்பளம் வாங்குகிறவர்கள் செய்யாததை நான் செய்தேன். இதைச் சபையில் சொல்லும்போது உங்கள் எல்லார் முகமும் எங்கே போகிறது என்று பார்க்கிறேன்.

முருகம்மாள்

●

சுனாபட்டி
30.6.2025

மதினி,

இரண்டு கடிதம் எழுதிக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன்.

ஆறாம் கட்டில்காரரைப் பற்றி விசாரணையில் பேசாதீர்கள். ஏன் என்று கேட்காதீர்கள். பாட்டில் காலி என்று சொல்லுங்கள், நர்ஸ்கள் கம்ப்யூட்டரில் இருந்தார்கள் என்று சொல்லுங்கள், என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள். அவரைத் துடைத்ததை மட்டும் சொல்லாதீர்கள். முந்தானை என்ற பேச்சே வேண்டாம்.

யாரும் சொல்லி நான் எழுதவில்லை. டாக்டரைக் காப்பாற்றுகிறேன் என்று எழுதியிருந்தீர்களே. என்னை வளர்த்தது நீங்கள். என்னை இவ்வளவுதான் தெரிந்து வைத்திருக்கிறீர்கள்.

வந்தனாவை அடித்ததற்கு என்னைக் காரணம் சொல்லாதீர்கள். அது நீங்கள் செய்தது.

ஏழாம் கட்டிலில் இப்போது ஒரு பெண் இருக்கிறாளாம். இருபத்திரண்டு வயது, பிரசவத்துக்குப் பிறகு மூச்சுத் திணறி வந்தவள். கடைசி மருந்து முதல் நாளிலிருந்தே ஓடுகிறது. லேபில் ஒன்றும் வளரவில்லை. மூன்றாம் நாள் அஃப்ஷா துணிந்து கேட்டிருக்கிறாள், இன்னும் வேண்டுமா என்று. "சிஸ்டர், சுப் ரஹோ. ஏக் கம்ப்ளெயின்ட் காஃபி ஹை" என்றாராம் டாக்டர். வாயை மூடிக்கொண்டு இருக்கணுமாம், ஒரு கம்ப்ளெயின்ட் போதுமாம். அது உங்களுடையது. அந்தப் பெண்ணுக்கு நேற்று சிறுநீர் குறைந்துவிட்டது. அந்த மருந்து சில பேருக்குக் கிட்னியில் கை வைக்கும். அவளுக்கு வேண்டாத மருந்து அது, மதினி.

உங்கள் கோபத்தை என் மேல் கொட்டுங்கள். அங்கே கிடக்கிறவர்கள் மேல் கொட்டாதீர்கள்.

கலைச்செல்வி

●

தாராவி
6.7.2025

கலைச்செல்விக்கு,

சொல்லாதே என்று நீ எழுதியதாலேயே சொன்னேன். என்னைத் தெரியாதா உனக்கு?

மேஜைக்கு அந்தப் பக்கம் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். வானமாமலை என் பக்கத்தில். அதில் ஷ்யாமளா என்று ஒரு டாக்டர் அம்மா. மாட்டுங்காக்காரர், தமிழ். ஆஸ்பத்திரிக்குள் கிருமி பரவுவதைப் பார்ப்பதுதான் அவர் வேலை என்று சொன்னார்கள். நான் எல்லாவற்றையும் கொட்டினேன். காலி பாட்டில், கம்ப்யூட்டர், நீ கழற்றிய மருந்து. மற்றவர்கள் எழுதிக்கொண்டார்கள். ஆறாம் கட்டிலைச் சொன்னேன். முந்தானையைப் பிடித்து, "இந்தா, இதாலதான் தொடச்சேன்" என்று காட்டினேன். எல்லாரும் வெட்கப்படுவார்கள் என்று நினைத்தேன். ஷ்யாமளா அம்மா எழுதுவதை நிறுத்திவிட்டார்.

"அப்பறம் அதே தலைப்பாலயா உங்காத்துக்காரரையும் துடைச்சேள்?" என்று மெதுவாகக் கேட்டார்.

"பின்ன? ரெண்டடி தூரம். ஒவ்வொரு தடவையும் சேலையா மாத்துவாக?" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. அந்த ஐந்து பேரில் ஒருத்தர்கூட என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்குப் படிப்பில்லை, ஆனால் பேச்சு நின்றால் ஏன் நின்றது என்று தெரியும்.

"எதுக்கு எல்லாரும் வாய மூடிட்டிய? சொல்லுங்க" என்றேன். அந்த அம்மா ரெண்டு தாளை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஆறாம் கட்டில், ஏழாம் கட்டில். எந்தெந்த மருந்துக்குக் கிருமி சாகும், எதற்குச் சாகாது என்று வரிசையாகப் போட்டிருந்தது. இங்கிலீஷ் தெரியாவிட்டாலும் கண் இருக்கிறதே. ரெண்டு தாளிலும் மேலிருந்து கீழ்வரை வரிக்கு வரி அதே எழுத்து, அதே கிருமி. ஆறாம் கட்டில்காரருக்கு முந்தைய ஆஸ்பத்திரியில் இருபது நாள் எல்லா மருந்தையும் மாற்றி மாற்றிக் கொடுத்து, எதற்கும் சாகாத கிருமியோடுதான் இங்கே அனுப்பியிருக்கிறார்கள். அவர் தலைமாட்டில் ஒரு சிவப்பு அட்டை தொங்கிற்றே, அதில் தொடக் கூடாது என்று எழுதியிருந்ததாம். இங்கிலீஷிலும் மராத்தியிலும். நான் அதை ரத்த குரூப் என்று நினைத்தேன்.

"அப்போ நான்தானா?" என்று கேட்டேன்.

"அப்படிச் சொல்ல முடியாதும்மா. ஒரு நாளைக்கு அவரைப் பத்துப் பன்னெண்டு கை தொட்டிருக்கும். யார் மூலமா வந்ததுன்னு யாராலயும் சொல்ல முடியாது" என்றார்.

நல்ல மனுஷி. அந்த நல்லதனத்தைக் கேட்க எனக்கு அப்போது பற்றிக்கொண்டு வந்தது.

அப்புறம் விசாரணைக்கு என்று நீ எழுதிக் கொடுத்ததை வாசித்தார்கள். பின்கதவு வழியாக மதினியை விட்டது நான். கை கழுவச் சொல்லாதது நான். மேலே போட கவுன் கொடுக்காதது நான். நான், நான், நான். பெரியவரைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. மூன்று மாசமாக உனக்குத் தெரியும். இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தபோதும் தெரியும். கொன்றவளே என்று ஊர் கூட்டி நான் சொன்னபோது, நீ என்னைப் பார்த்து ஒரே ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லியிருந்தால் நான் அங்கேயே விழுந்திருப்பேன். நீ எழுந்து போனாய்.

அதற்கு உன்னைக் கும்பிட வேண்டுமா? மாட்டேன். யார் கேட்டது இந்த உபகாரத்தை? உன் புண்ணியத்தில் நான் மூன்று மாசம் நியாயஸ்தியாக நடந்தேன். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் உன்னைத் திட்டினேன். குழாயடியில் சொன்னேன், கோயிலில் சொன்னேன். இப்போது அத்தனை பேரிடமும் நான் என்ன சொல்லிக்கொண்டு போவது? எனக்கு எதையும் தாங்க முடியாது என்று நீயே முடிவு பண்ணிவிட்டாய். பச்சைப்பிள்ளையா நான்? உன் மேல் இருக்கிற கோபம் இன்னும் இம்மிகூட இறங்கவில்லை. வேறு கோபம் ஆகிவிட்டது, அவ்வளவுதான்.

மனுவில் அந்த வரியை அடிக்கச் சொன்னேன். வானமாமலை என் கையைப் பிடித்தான். "அக்கா, கிறுக்குப் பிடிச்சிட்டா? கேஸே போயிரும்."

"போவட்டும்லே. நீயா தாலியறுத்த?" என்றேன். அந்த ஐந்து பேர் முன்னால் வைத்து அடித்தேன். அடித்த இடத்தில் கையெழுத்தும் போட்டேன். "மூணாம் நாள் மருந்த நிறுத்துனது தப்பில்லன்னு செத்தவரு பொஞ்சாதி சொல்லுதேன், எழுதிக்கோங்க. இனி எந்த நர்சு கேட்டாலும் என் மனுவக் காட்டி வாய அடைக்கப்பிடாது. மொதல்ல ஏழாம் கட்டில்ல கெடக்க அந்தப் பொண்ணுக்கு அது வேணுமான்னு போய்க் கேளுங்க" என்றேன். ஒருத்தர் கண்ணாடியைத் துடைத்தார். பெரிய டாக்டர், பார்க்கலாம் என்றார். அந்தப் பார்க்கலாமை நான் நம்பவில்லை. மறுநாளும் போனேன். ஷ்யாமளா அம்மா வெளியே வந்து, அந்தப் பெண்ணுக்கு மருந்தை நிறுத்திவிட்டதாகச் சொன்னார். கிட்னி திரும்புமா என்று கேட்டேன். தெரியாது என்றார்.

மனுவின் மிச்சம் அப்படியே இருக்கிறது. காலி பாட்டிலும் இருக்கிறது, வாசிக்க முடியாத அட்டையும் இருக்கிறது. உள்ளே வருகிற பொம்பளைகளுக்கு, அவர்களுக்குத் தெரிந்த பாஷையில், எதைத் தொடலாம் எதைத் தொடக் கூடாது என்று சொல்ல ஒரு ஆள் இல்லை என்பதையும் சேர்த்து எழுத வைத்தேன். பின்கதவும் இருக்கிறது. அதற்கு உனக்குத் தண்டனை வந்தால் வரட்டும், நான் தடுக்க மாட்டேன். நீ என்னைச் சொந்தமென்று விட்டாய். சொந்தமில்லாதவளை விட்டிருக்க மாட்டாய்.

ப்ளாக்கை எடுக்கவில்லை. வந்தனா கேட்டுக்கொண்டே இருக்கிறாள். இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்.

ரெண்டு நாளாக ஒன்றே ஒன்றுதான் மண்டைக்குள் ஓடுகிறது. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நீ நின்று என்னைப் பார்த்தாய். எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. நான் பெரியவர் வாயைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தேன், நீ கதவில் கையை வைத்தாய், உள்ளே வரவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்தமாதிரிகூட இருந்தது. மதினி எவ்வளவு நல்லவள் என்று நினைக்கிறாய் என்றுதான் நான் அப்போது நினைத்துக்கொண்டேன். இத்தனை வருஷத்தில் நீ எனக்கு ஒரு தடவைகூட எதையும் வேண்டாம் என்று சொன்னதில்லை. சொல்ல நான் விட்டதில்லை. அன்றைக்கு நீ வந்து, "மதினி, அவரத் தொடாதிய, அந்தச் சேலையோட அண்ணன் பக்கம் வராதிய" என்று அத்தனை பேர் முன்னால் சொல்லியிருந்தால், நான் கேட்டிருப்பேனா?

முருகம்மாள்